ஊருக்கு வாசிக்காத கணக்கு
(களுவாஞ்சிகுடியில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே! எனக்குத் தனிவட்டியும் கூட்டுவட்டியும் கற்பித்தவர் நீங்கள். உங்கள் முன்னிலையில் கணக்கைப் பற்றிப் பேசக் கிடைத்ததை என் பேறாக நினைக்கிறேன். மதிப்புக்குரிய பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, செயலாளர் அம்மா அவர்களே, ஆலய நிர்வாகிகளான வண்ணக்கர்மாரே, பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே! வெயிலைப் பாராமல் மண்டூரிலிருந்து பாதை என்று நாம் சொல்லும் படகேறி, குருமண்வெளித் துறையில் இறங்கி வந்திருக்கும் தாய்மாரே! எல்லோருக்கும் என் வணக்கம். பெயர் தவறியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கிழக்கு மாகாணத்தின் வரவு செலவுத் திட்டம் பற்றி மூன்று விடயங்கள் சொல்ல வந்தேன். வருமானத்தை எப்படி முன்கூட்டி மதிப்பிடுகிறார்கள் என்பது ஒன்று. செலவை யார் மேற்பார்வை செய்கிறார்கள் என்பது இரண்டு. நிதி ஆணைக்குழு மாகாணங்களுக்குப் பங்கீட்டைச் சிபாரிசு செய்யும் முறை மூன்றாவது.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று என் அம்மம்மா சொல்லுவார். நான் எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை.

முதலில் வருமானம். கதிர் தலைசாய்ந்ததும் வயலுக்குச் சொந்தக்காரரான போடியார் வரம்பில் நின்று இத்தனை மூட்டை தேறும் என்று சொல்லுவார். பெரும்பாலும் தவறாது. ஆனால் 2011 ஜனவரியில் வெள்ளம் வந்தபோது அறுவடைக்கு நின்ற வெள்ளாமை நீருக்குள் போனது. அரசாங்கத்தின் வருமான மதிப்பீடும் அப்படிப்பட்டதுதான். மழை வானத்திலிருந்து வருகிறது; வரி மாற்றம் கொழும்பிலிருந்து வருகிறது. 2011 முதல் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு மாகாணங்களுக்குக் கிடைத்து வந்தது. 2019 டிசம்பர் முதலாம் திகதியோடு அந்த வரி நீக்கப்பட்டது. பெறுமதி சேர் வரியையும் 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக நாடு அறிவித்தது. அதற்குக் காரணங்கள் பல உண்டு. அளக்காமல் விட்ட வருமானமும் அவற்றில் ஒன்று.

வருமானம் குறைந்தால் அரசாங்கத்தின் திறைசேரியிலிருந்து, வீதி போடுவது போன்ற வேலைகளுக்கான மூலதனப் பணம் பிந்தி வரும். நம் நிதியாண்டு தையில் தொடங்கி மார்கழியில் முடிகிறது. கார்த்திகையும் மார்கழியும் மட்டக்களப்பில் என்ன மாதங்கள்? அடைமழை மாதங்கள்! பிந்தி வந்த பணத்தில், கொட்டுகிற மழைக்குள் ஒழுங்கைகளுக்குக் கிரவல் போடுகிறார்கள். தைப்பொங்கலுக்கு முன்னரே அந்தக் கிரவல் வாய்க்காலில் கிடக்கிறது. என் வீட்டு ஒழுங்கைக்கே இது நடந்தது. எந்த அலுவலகம் என்று சொல்ல நான் வரவில்லை. ஏட்டில் அந்த வேலை முடிந்த வேலை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றால், இங்கே அளக்காமலே ஆற்றில் போட்டிருக்கிறோம்.

இனி மேற்பார்வை. இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும்.

எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். படுவான்கரையில் எங்கள் ஊர்க் கோயிலில் சடங்கு முடிந்த மூன்றாம் நாள் கணக்கு வாசிப்பார்கள். பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் ஏழு குடியாரும் மணலில் அமர்ந்திருக்க, வண்ணக்கர் கொப்பியை விரித்தார். கற்பூரம் இவ்வளவு, பறைமேளக்காரருக்கு இவ்வளவு, தேங்காய் நூற்றுப்பத்து என்று வாசித்துக்கொண்டு போனார். பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி எழுந்தார். எழுத்து வாசனை இல்லாதவர்.

“மகன், நூற்றுப்பத்தும் வாங்கின தேங்காயா?”

“ஓம் பெத்தா, கடைத் துண்டு இருக்கிறது.”

“அப்படியென்றால் என் வளவிலிருந்து வந்த முப்பது எங்கே?”

கூட்டம் சலசலத்தது. வண்ணக்கர் கோபிக்கவில்லை. மடைப்பள்ளிக்குப் பின்னால் கிடந்த சிரட்டையை எண்ணச் சொன்னார். யாரை? எங்களைத்தான், பொடியன்களை! அரிக்கன் லாம்பைப் பிடித்துக்கொண்டு எண்ணினோம். எண்ணிக்கை தப்பியது, திரும்ப எண்ணினோம். எறும்பு கடித்தது, ஒருவன் அழுதான். பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. முடிவில் இருநூற்றெண்பது பாதி இருந்தது. நூற்று நாற்பது தேங்காய். ஒன்றும் களவு போகவில்லை. கிழவி கொடுத்த முப்பதை வரவில் பதிய மறந்திருந்தார்கள். வண்ணக்கர் அந்த இடத்திலேயே பேனாவை எடுத்து ‘உபயம், தேங்காய் முப்பது’ என்று எழுதி, அவருடைய பெயரை உரத்து வாசித்தார். கிழவி முந்தானையை உதறிக்கொண்டு அமர்ந்தார்.

அந்தக் கிழவிக்குக் கணக்காய்வு என்ற சொல் தெரியாது. அவர் கேட்டது செலவை அல்ல, வரவை. மாகாண வரவில் நீங்களும் இருக்கிறீர்கள். காணி எழுதும்போது கட்டும் முத்திரைத் தீர்வை உங்களுடையது. பிரதேச சபை வரவில், வீடு வளவுக்காக நீங்கள் கட்டும் சோலை வரி இருக்கிறது. அந்தக் கணக்கை உங்களுக்கு யார் வாசித்தார்கள்?

கிழக்கு மாகாண சபையில் 37 உறுப்பினர்கள் இருந்தார்கள். 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி அதன் காலம் முடிந்தது. அதன் பின்னர் தேர்தலில்லை. மாகாண நிதி ஆளுநரின் கையொப்பத்தில் நடக்கிறது. உள்ளூராட்சிச் சபைகளும் 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல்வரை மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே இருந்தன. அக்காலத்தில் சபைகளை நடத்திய செயலாளர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் சுமந்தது பெரும் சுமை. கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கையும் வருகிறது. ஆனால் செலவு முடிந்த பிறகு வருகிறது, ஊருக்கு வாசிக்கப்படாமலே அலுமாரிக்குள் போகிறது.

மூன்றாவது விடயத்துக்கு நேரமில்லை என்று தலைவர் ஐயா கைகாட்டுகிறார். நான் இன்று கேட்க வந்தது ஒன்றுதான். தவிசாளர் அவர்களே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு வட்டாரத்திலும், ஒரு மரத்தடியில் கணக்கு வாசியுங்கள். எவ்வளவு வருமென்று எதிர்பார்த்தோம், எவ்வளவு வந்தது, எந்த ஒழுங்கைக்குப் போனது என்று நல்ல தமிழில் வாசியுங்கள். கேள்வி கேட்பவரைக் கோபிக்காதீர்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. அளந்ததை ஊருக்குச் சொல்.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பம் எழுத அங்கே இரண்டு பிள்ளைகள் உதவுவார்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் சொல்ல வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதுவார்கள். மண்டூர்த் தாய்மார் முதலில் போங்கள். உங்களுக்குப் பாதை தவறிவிடும். நன்றி, வணக்கம்.