துணியில் இலை இறங்கும் விதம்

நேயர்களுக்கு வணக்கம். அச்சுக்கட்டை இல்லாமல், தூரிகை இல்லாமல், இலையை வைத்தே துணியில் உருவம் இறக்குவது பற்றி இன்று பேசலாம். தருமபுரிப் பக்கம் தேக்கு, கொய்யா, ஆமணக்கு எதற்கும் பஞ்சமில்லை. சிக்கல் தண்ணீரில்தான். சோப்பு நுரைக்காத போர்வெல் தண்ணீரில் சாயமும் சொன்னபடி கேட்காது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதுப் பருத்தித் துணியில் கஞ்சி இருக்கும். சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் வேகவைத்து அலசுங்கள். காய்ந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சட்டென்று உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் மறுபடி வேகவையுங்கள். பட்டில் சோடா படக்கூடாது, இழையை அரித்துவிடும்.

அடுத்தது கடுக்காய். 100 கிராம் துணிக்கு, கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் 20 கிராம். 2 லிட்டர் தண்ணீரில் கலந்து, துணியை ராத்திரி முழுக்க ஊறவைத்துப் பிழிந்து, அலசாமல் நிழலில் உலர்த்துங்கள். வெளிர்மஞ்சள் ஏறியிருக்கும்.

இரும்புத் தண்ணீரை முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டும். துருப்பிடித்த ஆணி அரைக் கிலோ, வெல்லம் 100 கிராம், தண்ணீர் 2 லிட்டர், 15 நாள். புளித்துக் காற்று கிளம்பும், மூடியை இறுக்காதீர்கள். வடிகட்டி, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, கடுக்காய் ஏறிய துணியின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். சாம்பல் நிறமானால் சரி. ஒரேயடியாகக் கறுத்தால் இன்னும் தண்ணீர் விடுங்கள். இரும்பு மிஞ்சினால் துணி நாளாவட்டத்தில் அந்த இடத்திலேயே இற்றுப்போகும்.

தேக்கில் கொழுந்துதான் வேண்டும். உள்ளங்கையில் கசக்கிப் பாருங்கள், கை சிவந்தால் அந்த இலை ஆகும். அதற்கு இரும்பு வேண்டாம், செம்மை கெட்டுவிடும். கொய்யா இலையை மட்டும் இரும்புத் தண்ணீரில் ஒரு நிமிடம் நனைத்து, பழந்துணியில் ஒற்றி எடுங்கள். நரம்பு புடைத்த அடிப்பக்கம் துணியைத் தொடும்படி பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு, மூங்கில் கழியில் சுருட்டி, சணல் கயிற்றால் நெருக்கமாகக் கட்டுங்கள். கட்டு தளர்ந்தால் உருவம் கலங்கும். ஈரம் மிஞ்சினால் ஓரம் ஊறிப் படரும். பிசகுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆவியில் 2 மணி நேரம். பழைய இட்லிப் பானை போதும். பிறகு அதில் இட்லி அவிக்கக் கூடாது. ஆவிக்குத் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டோடு பிரிக்க ஆசை வரும். மறுநாள் காலை வரை பொறுங்கள்.

பிரித்ததும் இலையை உதறி நிழலில் காயவைத்து, ஒரு வாரம் கழித்துப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசுங்கள். புளியும் எலுமிச்சையும் படாமல் காப்பாற்றுங்கள், இரும்பால் வந்த கறுப்பு அங்கேயே வெளுத்துவிடும். கை பழகியவர்கள் அதையே வேலைக்கு ஆக்கிக்கொள்வார்கள்: குச்சி நுனியில் எலுமிச்சைச் சாறு தொட்டு, இலையில் விழாத நரம்பை வெள்ளையாக இழுத்து, உடனே தண்ணீரில் முக்கிவிடுவார்கள்.