வாடகை கொடுப்பவன் ஆக்கிரமிப்பாளன் ஆவானா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். 1898-இல் ஸ்பெயினோடு போரிட்டு, அதன் ஆட்சியில் இருந்த கியூபாவுக்குள் நுழைந்த அமெரிக்கா செய்தது விடுதலைக்குத் துணையா, ஆதிக்கமா என்பது தலைப்பு. ஆதிக்கமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு கேள்வியை வீசினார், கைதட்டலை அள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “கியூபாவில் இருக்கும் தன் குவாண்டனாமோ கடற்படைத் தளத்துக்கு அமெரிக்கா ஆண்டுதோறும் வாடகை கொடுக்கிறது. உலகத்தில் எந்த ஆக்கிரமிப்பாளனாவது வாடகை கொடுப்பானா?” என்று கேட்டார். நடுவர் அவர்களே, இதற்குப் பதில் சொல்லாமல் நான் அடுத்த பேச்சுக்கே போகப்போவதில்லை.

வாடகை எவ்வளவு என்று அவர் சொன்னாரா? சொல்லவில்லை. நான் சொல்கிறேன். ஆண்டுக்கு 4,085 டாலர். மாதத்துக்கு அல்ல ஐயா, ஆண்டுக்கு! இடம் எவ்வளவு? சுமார் 117 சதுர கிலோமீட்டர். விரிகுடாவின் வாயில் இரண்டு கரையும் அவர்கள் கையில். உள்ளே இருக்கும் கியூபத் துறைமுகத்துக்கு ஒரு கியூபக் கப்பல் போகவேண்டுமானால்கூட அந்தத் தளத்தின் நடுவே புகுந்துதான் போகவேண்டும். இதற்கு ஏக்கர் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 சென்ட் வருகிறது.

1903-இல் பேசிய வாடகை 2,000 டாலர். இன்று 4,085. “பார்த்தீர்களா, இரண்டு மடங்காக ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள்” என்று நண்பர் எழுந்திருக்கலாம். ஏற்றவே இல்லை! ஒப்பந்தத்தில் இருப்பது 2,000 டாலர் பெறுமான தங்க நாணயம். அன்றைக்கு ஓர் அவுன்ஸ் தங்கம் 20.67 டாலர். 1934-இல் அமெரிக்க அரசு தங்கத்தின் விலையை 35 டாலராக வைத்தது; வாடகை 3,386 டாலர் ஆனது. 1973-இல் 42.22 ஆக்கியது, வாடகை 4,085 ஆனது. கூட்டிக் கழித்துப் பாருங்கள், கணக்கு அப்படியே நிற்கும். அதே தங்கம், அதே எடை. நூறாண்டு தாண்டியும் ஒரு குண்டுமணி கூடவில்லை.

சரி, அந்தக் காசோலை என்ன ஆகிறது? இதைத்தான் நண்பர் மறைத்துவிட்டார். 1959-இல் புரட்சி வெற்றிபெற்ற பிறகு வந்த முதல் காசோலையைக் கியூபா மாற்றிக்கொண்டது. ஆட்சி மாறிய குழப்பத்தில் நடந்துவிட்டது என்று பின்னாளில் புரட்சித் தலைவர் காஸ்ட்ரோ விளக்கம் சொன்னார். அதற்குப் பிறகு வந்த ஒன்றைக்கூட அவர்கள் மாற்றவில்லை. ஒன்றைக்கூட!

ஆனால் அமெரிக்கா அனுப்புவதை நிறுத்தியதா? இல்லை. அடுத்த ஆண்டு காசோலை வந்தது. மாற்றவில்லை. அதற்கடுத்த ஆண்டும் வந்தது. மாற்றவில்லை. கென்னடி போனார், காசோலை வந்தது. நிக்சன் போனார், வந்தது. ரீகன் போனார், வந்தது. காஸ்ட்ரோ ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் தம் மேசை இழுப்பறையைத் திறந்து, உள்ளே அடைத்து வைத்திருந்த காசோலைகளை எடுத்துக் காட்டினார். அந்தக் காசோலை யார் பெயருக்கு எழுதப்படுகிறது தெரியுமா? “குடியரசின் தலைமைக் கருவூலர்” என்ற பதவிக்கு. புரட்சிக்குப் பின் கியூபாவில் அந்தப் பதவியே கிடையாது! இல்லாத பதவிக்கு, வாங்காத நாட்டுக்கு, வேண்டாத பணம். அந்த ஒற்றை 1959 காசோலையைக் காட்டி, “நீங்களே குத்தகையை ஏற்றுக்கொண்டீர்களே” என்று வாதாடவும் அமெரிக்கத் தரப்பில் ஆள் இருக்கிறது.

நம் வீட்டில் குடியிருப்பவரிடம் “ஐயா, வாடகையும் வேண்டாம், வீட்டைக் காலி செய்யுங்கள்” என்கிறோம். அவர் காலி செய்யாமல் மாதாமாதம் மணியார்டர் அனுப்பிக்கொண்டே இருந்தால் அவருக்குப் பெயர் குடித்தனக்காரரா? நண்பரே, இதைத்தான் நீங்கள் வாடகை என்றீர்கள்.

காலி செய்யச் சொல்ல வழி இருக்கிறதா? 1934 ஒப்பந்தம் அதையும் அடைத்துவிட்டது. ஒன்று, அமெரிக்கா தானாக விட்டுப் போகவேண்டும். இல்லையேல் இருவரும் சேர்ந்து சம்மதிக்கவேண்டும். நிலத்தின் இறுதி இறையாண்மை கியூபாவுக்காம், முழு அதிகாரமும் கட்டுப்பாடும் அமெரிக்காவுக்காம். நிலக்கரி நிரப்பும் நிலையமாகவோ கடற்படை நிலையமாகவோ மட்டும் பயன்படுத்தவேண்டும், வேறெதற்கும் கூடாது என்று 1903-இல் எழுதினார்கள். 2002 ஜனவரி முதல் அங்கே சிறைக்கூடம் நடக்கிறது.

அந்தக் குத்தகையில் கியூபா கையெழுத்துப் போட்டதே என்பீர்கள். எப்படிப் போட்டது? ஸ்பெயினோடு போர் தொடங்கும் முன் 1898 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றம் டெல்லர் திருத்தத்தை நிறைவேற்றியது. தீவை ஆளும் எண்ணம் எங்களுக்கு இல்லை, அமைதி திரும்பியதும் ஆட்சியை அதன் மக்களிடமே விட்டுவிடுவோம் என்பது வாக்குறுதி. மூன்றே ஆண்டில், 1901 மார்ச்சில், இராணுவச் செலவு மசோதாவோடு பிளாட் திருத்தத்தை ஒட்டவைத்தார்கள். கியூபாவில் தலையிடும் உரிமை அமெரிக்காவுக்கு உண்டு. தளங்களுக்கு நிலம் தரவேண்டும். இதைக் கியூபா தன் அரசியலமைப்பில் சேர்த்தால்தான் எங்கள் படை வெளியேறும். துப்பாக்கி வாசலில் நிற்க உள்ளே வாக்கெடுப்பு! கியூப அரசியலமைப்பு அவையினர் முதலில் 15-க்கு 14 என்று, தங்கள் விளக்கங்களைச் சேர்த்து ஏற்றார்கள். விளக்கம் எதுவும் கூடாது என்றது வாஷிங்டன். ஜூன் 12-இல் 16-க்கு 11 என்று பணிந்தார்கள். அப்போதைய இராணுவ ஆளுநர் லெனார்ட் வுட், பிளாட் திருத்தத்தின் கீழ் கியூபாவுக்குச் சுதந்திரம் என்று மிச்சம் எதுவும் பெரிதாக இல்லை என்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார். நாங்கள் சொல்லவில்லை நடுவர் அவர்களே, அந்தத் தீவை ஆண்டவரே சொல்கிறார்! தலையிடும் உரிமையை 1906-லேயே பயன்படுத்தி 1909 வரை நேரடியாக ஆண்டார்கள்.

மஞ்சள் காய்ச்சலை ஒழித்தார்களே என்றார் எதிரணி அம்மையார். ஒழித்தார்கள், மறுக்கவில்லை. கொசுதான் அதைப் பரப்புகிறது என்று 1881-லேயே சொன்னவர் கார்லோஸ் பின்லாய் என்ற கியூப மருத்துவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், போதும்.

இனி சட்டமும் கணக்கும் வேண்டாம். ஒரு மனிதரைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். கலிக்ஸ்டோ கார்சியா. 1868-இல் தொடங்கிய முதல் போரிலேயே ஸ்பெயினை எதிர்த்தவர். 1874-இல் எதிரிகள் சூழ்ந்தபோது, உயிரோடு பிடிபடக்கூடாது என்று தாடைக்குக் கீழே துப்பாக்கி வைத்துச் சுட்டுக்கொண்டார். குண்டு நெற்றி வழியாக வெளியே வந்தது. பிழைத்தார். நெற்றியில் அந்தத் தழும்போடு மறுபடி போருக்கு வந்தார். 1898 ஜூனில் அமெரிக்கப் படை தைகிரிக் கடற்கரையில் இறங்கியபோது கரையில் துணை நின்றவர்கள் அவருடைய ஆட்கள்.

ஜூலை 17. சாண்டியாகோ நகரம் சரணடைகிறது. முப்பது ஆண்டுக் கனவு ஐயா! அமெரிக்கத் தளபதி ஷாஃப்டர் அந்த விழாவுக்குக் கார்சியாவை அழைக்கவில்லை. கியூபப் படையை ஊருக்குள்ளேயே விடவில்லை. உள்ளே விட்டால் ஸ்பானியரைப் பழிவாங்குவார்கள் என்று பேச்சு. அதே ஊரில் பழைய ஸ்பானிய அதிகாரிகள் பதவியில் தொடர்ந்தார்கள். கார்சியா எழுதினார்: நாங்கள் ஏழைப் படை, கந்தல் கட்டிய படை; உங்கள் முன்னோர் தங்கள் விடுதலைக்குப் போரிட்டபோது அவர்களும் இப்படித்தான் இருந்தார்கள். எழுதிவிட்டுப் பதவியைத் துறந்தார். அந்த டிசம்பரில் பாரிசில் அமெரிக்காவும் ஸ்பெயினும் உட்கார்ந்து கியூபாவின் தலைவிதியை எழுதின. கியூபருக்கு அங்கே நாற்காலி இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் கார்சியா வாஷிங்டனில் இறந்துபோனார். 1899 ஜனவரி 1, ஹவானாவில் ஸ்பெயின் கொடி இறங்கியது. ஏறியது கியூபாவின் கொடி இல்லை, அமெரிக்கக் கொடி.

விடுதலைக்குத் துணை என்று பேசிய நண்பர்களே, நெற்றியில் குண்டு துளைத்த அந்தக் கிழவரை ஏன் அவருடைய நாட்டு ஊருக்குள் விடவில்லை? இதற்கு உங்களில் யாராவது எழுந்து பதில் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால், நடுவர் அவர்களே, ஆதிக்கமே என்று தீர்ப்பு வழங்குங்கள். வணக்கம்.