கம்பளம் போட்ட பாதை

நேயர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பாவின் பெரிய ஆப்கான் சமூகங்களில் ஒன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் இருக்கிறது. மழையும் மப்புமான வடக்குத் துறைமுகம். கண்ணுக்கு எட்டியவரை மலையே கிடையாது. காபூல்காரர்களுக்கு இங்கே என்ன வேலை? போர் துரத்தியது என்று சொல்லிவிடலாம். அது சரிதான். ஆனால் போருக்கு முன்பே, 1950, 60களிலேயே, ஆப்கான் வியாபாரிகள் இங்கே வந்துவிட்டார்கள். அவர்களை இழுத்தது கம்பளம்.

ஹாம்பர்க்கில் ஷ்பைஷர்ஷ்டாட் என்று ஒரு கிடங்குப் பேட்டை உண்டு. 1880களில் கட்டத் தொடங்கியது. கால்வாய்களை ஒட்டி வரிசையாகச் செங்கல் கட்டடங்கள். சரக்கை மேல்மாடிக்கு இழுக்க உச்சியில் கப்பி. அந்தப் பகுதி அப்போது வரியில்லாத் துறைமுகம். சரக்கு மாதக்கணக்கில் கிடந்தாலும் சுங்கவரி இல்லை. ஜெர்மனிக்குள் விற்றால்தான் வரி. வேறு நாட்டுக்குப் போனால் அதுவும் இல்லை. கைமுதல் குறைந்த வியாபாரிக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? வட ஆப்கானிஸ்தானின் துர்க்மென் இனப் பெண்கள் நெய்த கருஞ்சிவப்புக் கம்பளங்கள் இங்கே அடுக்கடுக்காகக் குவிந்தன. பக்கத்துக் கிடங்குகளில் ஈரானியர்களும் அதே தொழிலில் இருந்தார்கள்.

1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்தது. ஓடி வந்தவர்களுக்கு, ஏற்கெனவே கடை வைத்திருந்த மாமாவின் முகவரி ஒன்று போதுமாக இருந்தது. 1992-இல், சோவியத் ஆதரவோடு நடந்துவந்த நஜிபுல்லா ஆட்சி கவிழ்ந்தபோது, அந்த ஆட்சியைச் சேர்ந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். முன்பு அவர்களுக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் இருந்த அதே ஊருக்கு! ரொட்டிக்கடை வரிசையில் முகத்தை எப்படித் திருப்பிக்கொண்டார்களோ. ஆப்கான் இந்துக்களும் சீக்கியர்களும் வந்தார்கள்; அவர்களுக்குக் கோயிலும் குருத்வாராவும் இங்கே உண்டு.

கம்பள வியாபாரம் இப்போது நொடித்துவிட்டது. கையால் முடிச்சுப் போட்டதை வாங்க ஆளில்லை. கிடங்குகளில் பல அலுவலகங்களும் காட்சியகங்களும் ஆகிவிட்டன. 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் அந்த இடம் ஏறியது. ஆப்கானியர்கள் வேறு தொழிலுக்குப் போனார்கள். ரயில் நிலையத்தை ஒட்டிய ஷ்டைன்டாம் தெருப் பக்கம் போனால் மளிகைக்கடையும் காபூலி புலாவும் கிடைக்கும்.

2015-க்கு அப்புறம் வந்தவர்களின் கதை வேறு. இன்று ஜெர்மனியில் ஆப்கானியர்கள் 4 லட்சத்துக்கும் மேல். ஆனால் புகலிடம் கேட்டு வருபவர் ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது. மாநிலங்களின் வரி வருவாயையும் மக்கள் தொகையையும் வைத்து அரசே பங்கு பிரிக்கிறது. அகதி என்று ஏற்றுக்கொண்ட பிறகும், வேலையோ படிப்போ கிடைக்காவிட்டால், பொதுவாக 3 ஆண்டுகள் அதே மாநிலத்தில் இருக்கவேண்டும் என்பது 2016-இல் வந்த விதி. கணவன், மனைவி, சிறு பிள்ளைகள் வேறு மாநிலத்தில் இருந்தால் விலக்கு உண்டு. மாமாவும் சித்தப்பாவும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஹாம்பர்க்கில் மாமா கடை வைத்திருக்க, மருமகன் பவேரியாவின் ஏதோ ஒரு சிற்றூரில் மொழியும் வேலையும் தேடிக்கொண்டிருப்பான். அரசுக்கு இது நியாயமான பங்கீடு. எனக்கென்னவோ, அந்த மாமா ஒரே வாரத்தில் முடித்துக் கொடுக்கக்கூடிய வேலையை 3 ஆண்டுக்குத் தள்ளிப்போடுவதாகத்தான் படுகிறது.

நன்றி, வணக்கம்.