முகம் தெளிவாக விழ வேண்டும்: வீட்டுக்கு ஒரு சிறிய கமரா

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுப் படங்கள் எடுக்க, கைக்கடக்கமான, விலை குறைந்த ஒரு டிஜிட்டல் கமராவை எப்படிப் பார்த்து வாங்குவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கிளிநொச்சியில் ஸ்ரூடியோ வைத்திருக்கிற எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். வருகிறவர்கள் "எத்தனை மெகாபிக்சல் வாங்கலாம்?" என்றுதான் தொடங்குவார்கள். நான் அவர்களிடம் கேட்பது, "ஆரை எடுக்கப் போறீங்கள்? எந்த நேரத்தில்? வீட்டில் எந்த இடத்தில்?"

ஏன் அப்படிக் கேட்கிறேன் என்றால், எங்கள் ஸ்ரூடியோவுக்கு வருகிற ஒரு வேலை இது. யாரோ ஒருவருடைய கலியாண வீட்டில் எடுத்த கூட்டப் படத்தைக் கொண்டு வருவார்கள். பின்வரிசையில் நிற்கிற ஒருவரைக் காட்டி, "இவரைத் தனிய வெட்டிப் பெரிசாக்கித் தாங்கோ" என்பார்கள். 2009 வரைக்கும் ஊர் ஊராக இடம்பெயர்ந்த சனத்தின் அல்பங்கள் பெரும்பாலும் வழியிலேயே போய்விட்டன. வெளிநாட்டிலோ கொழும்பிலோ இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் தப்பிக் கிடந்த ஒரு படம்தான் சில குடும்பங்களுக்கு மிச்சம். அதில் அந்த முகம் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவுதான் எங்களால் கொடுக்க முடியும். இல்லாத கண்ணையும் இல்லாத சிரிப்பையும் நாங்கள் கீறிக் கொடுக்கக் கூடாது. அதனால் எந்தக் கமராவைக் கையில் எடுத்தாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இதில் எடுத்த படத்திலிருந்து பல வருஷம் கழித்து ஒரு முகத்தைப் பெரிசாக்க முடியுமா?

முதலில் மெகாபிக்சல் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு மெகாபிக்சல் என்றால் படத்தில் பத்து இலட்சம் புள்ளி. சாதாரணமாக நாங்கள் கழுவிக் கொடுக்கிற 4க்கு 6 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், 1200க்கு 1800 புள்ளி போதும். அது 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். ஏ4 அளவுக்கு 9 மெகாபிக்சல் கிட்ட வேண்டும். இன்றைக்குக் கிடைக்கிற மலிவான கமராக்களிலேயே 16 அல்லது 20 இருக்கிறது. ஆகவே கடைக்காரர் 20ஐ விட 48 பெரிது என்று சொன்னால், அதற்காகக் காசைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

ஆனால் அந்தப் புள்ளிகளைக் கெடுக்காமல் வைத்திருப்பது முக்கியம். 20 மெகாபிக்சல் படத்தின் அகலம் 5184 புள்ளி. எட்டுப் பேர் தோளோடு தோள் நின்று அந்த அகலத்தை நிரப்பினால், ஒரு முகத்துக்கு 200 புள்ளியளவில் கிடைக்கும். அதே படம் வட்ஸ்அப்பில் போய்ச் சுருங்கி 1600 புள்ளி அகலத்துக்கு வந்துவிட்டால், அந்த முகத்துக்கு 60 புள்ளியளவுதான் மிஞ்சும். அதைக் கொண்டுவந்து சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிசாக்கித் தரச் சொன்னால் யாராலும் முடியாது. போனில் வந்த படத்தைக் காட்டாமல், படங்கள் பதிகிற கமராவின் மெமரிக் காட்டையே ஸ்ரூடியோவுக்குக் கொண்டு வாருங்கள் என்று நான் சொல்வது இதற்குத்தான்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். நான் அதிக நேரம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். பகல் வெயிலில் எந்தக் கமராவும் நல்ல படம் தரும். கடையில் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிற பூவும் மலையும் பகல் வெயிலில் எடுத்தவை. ஆனால் எங்கள் வீடுகளில் எல்லோரும் ஒன்றாகச் சேர்வது எப்போது? வயலுக்கும் கடலுக்கும் போனவர்கள் திரும்பி, பிள்ளைகள் ரியூசன் முடிந்து வந்த பிறகுதான். மேலே தகரம், நடுவில் ஒரு பல்ப், மூலையில் அம்மம்மா. அந்த வெளிச்சத்தில் மலிவான கமரா திணறும்.

காரணம் சென்சர், அதாவது லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சத்தைப் படமாக்குகிற சில்லு. இந்தச் சிறிய கமராக்களில் பெரும்பாலானவற்றில் இருக்கிற சென்சர் ஏறத்தாழ 6.2 மில்லிமீற்றர் அகலம், 4.6 மில்லிமீற்றர் உயரம். சின்னி விரல் நகத்தை விடச் சிறியது. அதற்குள் இரண்டு கோடி புள்ளிகளை அடைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கிற வெளிச்சம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைக் கமரா மின்சாரத்தால் பெருப்பித்துக் காட்டுகிறது. இப்படிப் பெருப்பிக்கிற அளவை ஐஎஸ்ஓ என்பார்கள். 800, 1600 என்று அது ஏறும்போது படத்தில் குருணி குருணியாக நிறப் பொட்டுக்கள் வரும். பிறகு கமராவே அந்தப் பொட்டுக்களைத் தேய்த்து அழிக்கப் பார்க்கும். அழிக்கும்போது பாட்டியின் முகச் சுருக்கமும் கண்ணிமையும் சேர்ந்தே அழிந்து போகும். முகம் மெழுகு பூசின மாதிரி வந்தால் அது இந்த வேலைதான். ஒரு அங்குல வகை என்று சொல்கிற சென்சர் 13.2க்கு 8.8 மில்லிமீற்றர், பரப்பில் நான்கு மடங்கு. அந்தக் கமராக்கள் மாலை வெளிச்சத்தில் நன்றாக நிற்கும். ஆனால் அவற்றின் விலை சாதாரணக் குடும்பம் தொடுகிற விலை இல்லை.

சூமிலும் இதே கதைதான். கெனன் இக்சஸ் 185 என்ற மலிவான கமராவை எடுத்துக்கொள்வோம். 8 மடங்கு சூம் என்று போட்டிருக்கும். சூம் செய்யாதபோது அதன் லென்ஸின் திறப்பு எஃப் 3.2. முழுவதும் சூம் செய்தால் எஃப் 6.9. இந்த எண் கூடக் கூடத் திறப்பு சிறுக்கும். அப்போது உள்ளே வருகிற வெளிச்சம் நான்கில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடும். கை நடுக்கத்தைத் தாங்குகிற லென்ஸும் அந்த மாதிரியில் இல்லை. அதற்கு அடுத்த 190இல் இருக்கிறது, சொனி டபிள்யூ 830இலும் இருக்கிறது. வீட்டுக்குள் படம் எடுக்கிறவருக்கு இந்த ஒரு வசதி நாலைந்து மெகாபிக்சலை விடப் பெறுமதியானது. ஆகவே பெட்டியில் "ஒப்டிக்கல்" நடுக்கத் தடுப்பு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "டிஜிட்டல்" என்று மட்டும் இருந்தால் அதை நம்பாதீர்கள். சூமுக்கும் அப்படித்தான், "டிஜிட்டல் சூம்" என்பது படத்தை வெட்டிப் பெரிசாக்குவது. அதைப் பிறகு ஸ்ரூடியோவிலும் செய்யலாம்.

கடையில் எப்படிச் சோதிப்பது? வாசல் பக்கம் எடுத்துப் பார்க்காதீர்கள். கடையின் ஆக இருட்டான மூலைக்குப் போங்கள். கூட வந்தவரை அங்கே நிற்கச் சொல்லி, பிளாஷை நிறுத்திவிட்டு ஒன்று, பிளாஷ் போட்டு ஒன்று எடுங்கள். பிறகு திரையில் கண் மட்டும் தெரிகிற அளவுக்குப் பெரிசாக்கிப் பாருங்கள். கண்மணியும் இமையும் பிரிந்து தெரிந்தால் நல்லது. இன்னுமொரு சோதனை, சுவர் மணிக்கூடு. செக்கன் முள் பன்னிரண்டைத் தொடுகிற கணத்தில் பட்டனை அழுத்துங்கள். படத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரு செக்கனுக்கு மேல் தாண்டிப் போயிருந்தால், ஓடுகிற பிள்ளையின் முதுகைத்தான் அந்தக் கமரா உங்களுக்கு எடுத்துத் தரும். பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்திருந்து, பிறகு முழுவதும் அழுத்தினால் இந்தத் தாமதம் பெருமளவு குறையும். இதையும் கடையிலேயே செய்து பாருங்கள்.

எங்கள் நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற கருவி, எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால், வெள்ளைச் சேலை கட்டிய ஒரு மாநிறப் பெண்ணை எடுத்தால், கமரா அந்த வெள்ளையை அடக்கப் போய் முகத்தை இருட்டாக்கும். விறாந்தையில் நின்று வெளி முற்றத்தைப் பின்னணியாக வைத்து எடுத்தாலும் இதேதான். இதற்குக் கூட்டல், கழித்தல் அடையாளம் போட்ட ஒரு வசதி இருக்கும். கூட்டல் பக்கம் ஒன்றளவு தள்ளினால் முகம் துலங்கும். அந்த வசதி இல்லாத கமராவை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். மறுபக்கம், "அழகு" என்ற பெயரில் முகத்தை வெளுப்பாக்கித் தருகிற ஒன்றும் இருக்கும். தயவுசெய்து அதை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். உங்கள் மகளின் நிறம் அவளுடைய நிறமாகவே படத்தில் இருக்கட்டும்.

பிளாஷ் மூன்று நான்கு மீற்றருக்குள்தான் உதவும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். வற்றாப்பளை அம்மன் பொங்கல் இரவில் தூரத்துக் கூட்டத்தைப் பார்த்துப் பிளாஷ் அடிப்பதில் பலன் இல்லை. முன்னால் நிற்பவரின் முதுகுதான் வெளிக்கும். ஆனால் நண்பகல் வெயிலில், கண்குழிக்குள் கரும் நிழல் விழுகிற நேரத்தில், பிளாஷ் போட்டு எடுத்துப் பாருங்கள். முகம் திறந்துவிடும்.

நல்ல போன் இருக்கும்போது கமரா எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விலை கூடிய போன் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தால், மாலை வெளிச்சத்தில் அது மலிவான கமராவை வெல்லும். பல படங்களை அடுத்தடுத்து எடுத்துச் சேர்க்கிற வித்தை அதற்குத் தெரியும். அந்த வீட்டுக்குக் கமரா வாங்கச் சொல்லி நான் கேட்க மாட்டேன். ஆனால் எங்கள் பக்கம் பல வீடுகளில் அந்த நல்ல போன் வேலைக்குப் போகிறவரோடு போய்விடுகிறது. வீட்டில் இருப்பது திரை வெடித்த பழைய போன். அந்த வீட்டில் அலுமாரித் தட்டில் ஒரு கமரா இருந்தால், அம்மாவும் எடுக்கலாம், எட்டு வயதுப் பிள்ளையும் எடுக்கலாம். போன் தண்ணீரில் விழுந்தாலும், விற்றாலும், படங்கள் மெமரிக் காட்டில் தனியே இருக்கும். கமராவின் பிளாஷ் செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் மின்னி மறைவதால், துள்ளுகிற பிள்ளையையும் நிறுத்திப் பிடிக்கும். போனில் இருக்கிற சிறிய லைட்டுக்கு அது முடியாது.

இப்போது பாவித்த கமராக்கள். லண்டனில் இருந்தோ கனடாவில் இருந்தோ சித்தப்பா கொண்டுவந்து தருவது, அல்லது யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ கடையில் வாங்குவது. கவனமாகப் பார்த்தால் நல்ல பேரம் கிடைக்கும். நாலைந்து தடவை போட்டு நிறுத்திப் பாருங்கள். லென்ஸ் வெளியே வரும்போது கரகரவென்று சத்தம் கேட்டால் விட்டுவிடுங்கள். எங்கள் செம்மண் புழுதியும் முல்லைத்தீவுக் கரையின் மணலும் அந்த லென்ஸ் குழலுக்குள் போய்த்தான் இந்தக் கமராக்களில் பல சாகின்றன. வெறும் வானத்தைச் சூம் செய்து எடுத்துப் பாருங்கள், ஒரே இடத்தில் எல்லாப் படத்திலும் கறுப்புப் புள்ளி இருந்தால் உள்ளே தூசி. லென்ஸுக்கு ரோச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை போல் தெரிந்தால் பூஞ்சணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது இன்னும் பரவும். 2006க்கு முந்திய கமராவாக இருந்தால், இப்போது கடையில் கிடைக்கிற பெரிய மெமரிக் காட்டுகளை அது வாசிக்காது. 2 ஜிபிக்கு உட்பட்ட பழைய காட்டைத் தேடி அலைய வேண்டி வரும்.

பற்றரியைப் பற்றியும் கேளுங்கள். பெட்டியில் 200 படம் என்று போட்டிருந்தால், அது ஜப்பானியக் கமராச் சங்கத்தின் முறைப்படி, பாதிப் படங்களுக்குப் பிளாஷ் அடித்து எடுத்த கணக்கு. பழைய பற்றரி அதில் பாதியும் தராது. அந்த மாதிரிப் பற்றரி இன்னும் கடையில் கிடைக்கிறதா என்று விசாரிக்காமல் காசைக் கொடுக்காதீர்கள். கொடாக் பிக்ஸ்புரோ எஃப்இசட் 45 என்ற மாதிரி, சாதாரண டபுள் ஏ பற்றரி இரண்டில் ஓடும். பெட்டிக்கடையிலும் வாங்கலாம். சார்ஜ் ஏற்றுகிற வகை டபுள் ஏ வாங்கி வைத்தால் இன்னும் நல்லது. ஊர்ப்புறத்துக்கு அது ஒரு பெரிய வசதி என்பது என் எண்ணம்.

வாங்கி வந்தவுடன் திகதியைச் சரியாக வையுங்கள். அது ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிந்திருக்கும். பல வருஷத்துக்குப் பிறகு, எந்தப் பிள்ளையின் எந்தப் பிறந்தநாள் என்று தேடும்போது அதன் அருமை தெரியும். பற்றரி செத்துக் கிடந்து மீண்டும் போட்டால் சில கமராக்கள் பழைய திகதிக்குப் போய்விடும். அப்போது மறுபடி பாருங்கள்.

எடுக்கும்போது தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விடுங்கள். கமராவின் படம் 4க்கு 3 என்ற அளவில் வரும். நாங்கள் கழுவுகிற 4க்கு 6 தாள் அதைவிட நீளமானது. தாளை நிரப்பக் கழுவினால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். விளிம்பு வரை ஆட்களை நிறுத்தி எடுத்தால் உயரமான அண்ணனின் நெற்றி போய்விடும். படத்தைக் கழுவிய பிறகு, பின்பக்கத்தில் பெயர்களை எழுதுங்கள். இன்னொரு பிரதியை வேறு ஊரில் இருக்கிற சகோதரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். மெமரிக் காட்டில் இருக்கிற படங்களையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வேறொரு இடத்தில் பிரதி செய்து வையுங்கள்.

கடைக்குப் போகும்போது வீட்டில் வயது கூடியவரையும், ஓடித் திரிகிற பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். சோதிக்க வேண்டிய முகங்கள் அவைதான். வணக்கம்.