டாப் பாக்ஸ் கேரியர் ஏன் உடைகிறது? ஈரோட்டுத் தம்பியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன வாரம் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கிறது. செயின், ஸ்ப்ராக்கெட் கேள்விகளை அடுத்த முறை எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான், பைக்கின் பின்னால் டாப் பாக்ஸ் என்ற பெட்டியைத் தாங்குகிற கேரியரைப் பற்றி. அதைப் படித்ததிலிருந்து இரண்டு நாளாக மனசு அங்கேயே நிற்கிறது.

ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். "அண்ணா, என்னுடைய 350 சிசி வண்டியில் 45 லிட்டர் டாப் பாக்ஸ் மாட்டி 14,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். இப்போது கேரியரில் வெல்டிங் பக்கத்தில் விரிசல் விட்டிருக்கிறது. பெட்டியில் 10 கிலோ வைக்கலாம் என்று போட்டிருக்கிறது. நான் 8 கிலோவைத் தாண்டியதே இல்லை. அப்படியும் ஏன் உடைந்தது? அடுத்தது சாதா இரும்பில் வாங்கட்டுமா, எஸ்எஸ்ஸில் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வாங்கட்டுமா, அலுமினியத்திலா?"

போட்டோவும் அனுப்பியிருக்கிறார். கறுப்பு பவுடர் கோட்டிங் மேல் தலைமுடி மாதிரி ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து கீழே, டீ சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு பழுப்புக் கறை. அந்தக் கறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இது நேற்று வந்த விரிசல் இல்லை. உள்ளே தண்ணீர் இறங்கி, துருப்பிடித்து, அந்தத் துரு வெளியே வழிகிற அளவுக்கு நாளாகியிருக்கிறது.

முதலில் அந்த 8 கிலோவை முடித்துவிடுவோம். பெட்டியில் எழுதியிருக்கும் 10 கிலோ என்பது பெட்டிக்குள் வைக்கிற சாமானின் கணக்கு. கேரியருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 45 லிட்டர் பெட்டி காலியாக இருந்தாலே சுமார் 4 கிலோ இருக்கும். கேரியரின் கண்ணுக்குப் பெட்டியும் சுமைதான். 8 கிலோ சாமானும் 4 கிலோ பெட்டியும் சேர்த்தால் 12 ஆகிவிட்டது. கேரியரில் தனியாக ஒரு எண் போட்டிருப்பார்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் இன்னொரு எண் இருக்கும். இந்த மூன்றில் எது சின்னதோ அதுதான் நம் எண். பெட்டியிலேயே வகை உண்டு. இத்தாலியின் கிவி கம்பெனி பெரிய பெட்டிகளுக்கு மோனோகீ, சின்னப் பெட்டிகளுக்கு மோனோலாக் என்று இரண்டு மாட்டும் முறை வைத்திருக்கிறது. பொதுவாக முதலாவதில் 10 கிலோ, இரண்டாவதில் 3 கிலோதான். வெளியே பார்த்தால் இரண்டும் பெட்டிதான், வித்தியாசம் தெரியாது.

அந்த 12 கிலோவும் 12 கிலோவாகவே நிற்பதில்லை. இதைத் தயவுசெய்து கவனியுங்கள். கேரியரின் முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் நடுவே 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் பாரம் பின் போல்ட்டிலிருந்து இன்னும் 30 சென்டிமீட்டர் பின்னால் தொங்குகிறது. கடப்பாரை போட்டுக் கல்லை நெம்புகிற கணக்குதான். முன் போல்ட்டை 24 கிலோ மேலே இழுக்கும், பின் போல்ட்டின் மேல் 36 கிலோ அழுத்தும். இது வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அந்த அதிர்ச்சி மூன்று மடங்கு என்றாலே 36 கிலோ 108 ஆகிவிடுகிறது. தம்பி 8 கிலோதான் வைத்தார். அவருடைய கேரியர் அந்த ஒரு இடத்தில் நூறு கிலோவை வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது.

சரி, நூறு கிலோவுக்கு இரும்பு உடைந்துவிடுமா என்றால், உடையாது. இங்கேதான் நான் எப்போதும் சொல்கிற விஷயம் வருகிறது. ஃபுட் ரெஸ்ட் உடைந்த வீடியோவிலும் சொன்னேன், சைலன்சர் பிராக்கெட் வீடியோவிலும் சொன்னேன். இரும்பைச் சாகடிப்பது எடை இல்லை, ஆட்டம். கட்டடம் கட்டுகிற இடத்தில் கம்பி கட்டுகிறவரைப் பாருங்கள். கட்டுக்கம்பியை வெட்டக் கத்தரி தேட மாட்டார். ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் நாலு முறை மடக்குவார், பட்டென்று ஒடியும். அதே கம்பியை இழுத்து அறுக்கச் சொன்னால் கை கிழிந்துவிடும். கேரியரில் நடப்பதும் இதுதான். என்ன, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன மடக்கல், எண்ணிக்கை மட்டும் லட்சக்கணக்கில்.

எவ்வளவு லட்சம் என்று கணக்குப் போடலாம். ஒற்றை சிலிண்டர் என்ஜின் 4,500 ஆர்பிஎம்மில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 2,70,000 சுற்று. கேரியருக்கு ஒவ்வொரு சுற்றும் ஒரு சின்ன உதறல். நாலு மணி நேரப் பயணத்தில் 10 லட்சத்தைத் தாண்டிவிடும். குறிப்பிட்ட ஒரு வேகம் வந்ததும் கண்ணாடியில் பெட்டி மங்கலாகத் தெரிகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அந்த வேகத்தில் என்ஜினின் உதறலும் கேரியரின் இயல்பான ஆட்டமும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறது என்று அர்த்தம். அந்த வேகத்திலேயே மணிக்கணக்கில் போகாதீர்கள்.

ஆடி ஆடி இரும்புக்கு வருகிற இந்தக் களைப்பை முதலில் முறையாக ஆராய்ந்தவர் ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மன் பொறியாளர். 1860களில், ரயில் அச்சுகள் ஏன் திடீரென்று முறிகின்றன என்று பார்க்கப்போய்க் கண்டுபிடித்தார். பழைய பார்வையாளர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். வெல்டிங் செய்த இடங்களுக்கு இன்றைக்குப் பொறியாளர்கள் பயன்படுத்துகிற கணக்கு ஒன்று இருக்கிறது. ஆட்டத்தின் அளவைப் பாதியாகக் குறைத்தால் ஆயுள் இரண்டு மடங்கு ஆகாது, கிட்டத்தட்ட எட்டு மடங்கு ஆகும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. கேரியரை மாற்றாமலே, பெட்டியிலிருந்து பாதிச் சாமானை எடுத்து வேறு இடத்தில் வைத்தாலே ஆயுள் எங்கேயோ போய்விடும்.

எனக்கே இது நடந்திருக்கிறது. சில வருடம் முன்னால் உடுமலை வழியாக மறையூர் போனேன். திரும்பும்போது மறையூர் வெல்லம் 5 கிலோ வாங்கிப் பெட்டியில் வைத்தேன். ஏற்கெனவே உள்ளே மழைக்கோட்டு, டூல்ஸ், இரண்டு லிட்டர் தண்ணீர். சின்னாறு செக்போஸ்ட்டில் நின்றபோது வனத்துறைக்காரர் ஒருவர் பின்னால் வந்து பார்த்துவிட்டு, "ஏங்க, பெட்டி தலையாட்டுதுங்க" என்றார். இறங்கிப் பார்த்தால், இடது பக்கக் குழாய் முழுசாக விட்டுவிட்டது. வலது பக்கம் மட்டும் தாங்கிக்கொண்டிருந்தது. பெட்டியைக் கழற்றி சீட்டின் மேல் கயிறு போட்டுக் கட்டி, 40 கிலோமீட்டர் வேகத்தில் உடுமலை வந்து சேர்ந்தேன்.

அந்த உடைந்த துண்டை இன்னும் வைத்திருக்கிறேன். இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். குழாயின் வாயைப் பாருங்கள். முக்கால்வாசி வட்டம் கறுத்து, மழமழவென்று இருக்கிறது. அதில் மெல்லிய வரிகள் தெரிகின்றனவா? கிளிஞ்சலின் முதுகில் இருக்கும் வரிகள் மாதிரி. விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்த தடம் அது. மீதிக் கால்வாசி மட்டும் வெள்ளி மாதிரி, சொரசொரவென்று, சர்க்கரை உடைத்த மாதிரி இருக்கிறது. அதுதான் அன்றைக்கு உடைந்த பகுதி. முக்கால்வாசி உடைந்த கேரியரில் நான் பல மாதம் ஓட்டியிருக்கிறேன், என் மகளையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு. வெல்லத்தின் மேல் பழி போட முடியாது.

அப்புறம், எந்த உலோகம் என்று கேட்டீர்கள் தம்பி. சொல்லிவிடுகிறேன். சாதா இரும்பும் எஸ்எஸ்ஸும் வளைந்துகொடுக்கிற அளவில் ஏறக்குறைய ஒன்றுதான். எஸ்எஸ் துருப்பிடிக்காது, அது பெரிய லாபம். ஆனால் களைப்பு அதற்கும் வரும். அலுமினியம் எடை குறைவு. ஆனால் அதே தடிமனில் இரும்பைவிட மூன்று மடங்கு வளையும். இரும்புக்கு ஒரு எல்லை இருக்கிறது, அதற்குக் கீழே எத்தனை முறை ஆட்டினாலும் பெரும்பாலும் களைக்காது. அலுமினியத்துக்கு அப்படிப்பட்ட எல்லை கிடையாது. சின்ன ஆட்டமும் அதன் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் அலுமினியம் என்றால் நல்ல கனமாக, வளைவே தெரியாதபடி செய்திருக்க வேண்டும். உடைந்தால் வழியில் இருக்கிற பட்டறையில் பத்த வைக்கவும் முடியாது. என்னைக் கேட்டால், நம் ஊர் சாலைக்கு இரும்புக் குழாய்தான். குழாயின் தாழ்வான பகுதியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆனால் தம்பி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. கேரியர் எதில் செய்தது என்பதைவிட, அது எங்கே கால் ஊன்றியிருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

உக்கடம் மீன் மார்க்கெட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் மீன் கொண்டுவருகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். பின்னால் ஐஸ் போட்ட பெட்டி, தராசு, பலகை எல்லாம் இருக்கும். நம் டாப் பாக்ஸ் எல்லாம் அந்த எடைக்குப் பக்கத்திலேயே வராது. எட்டு வருடமாக அதே கேரியர். ஒருநாள் அனுமதி கேட்டு, கீழே குனிந்து பார்த்தேன். பட்டறையில் சொல்லிச் செய்தது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கால் நேராகக் கீழே இறங்கி ஷாக் அப்சார்பர் போல்ட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலிருந்து பார்த்தால் முக்கோணம். பெட்டியின் பாரமும் பின் சக்கரத்தின் அச்சுக்கு நேர் மேலேதான் இருக்கிறது, பின்னால் தொங்கவில்லை. சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டியிருப்பதால் பெட்டி துள்ளுவதே இல்லை. "ஆடினா மீனும் போச்சு, வண்டியும் போச்சு தம்பி" என்றார். நான் மணிக்கணக்காகப் பேசுவதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

நம் கேரியர்களில் பல, பின்னால் உட்காருபவர் பிடிக்கிற கைப்பிடியின் ஓட்டையிலேயே மாட்டப்படுகின்றன. அந்தக் கைப்பிடி, கை பிடிப்பதற்காகச் செய்தது. வாங்கும்போது கேரியரைக் கீழிருந்து பாருங்கள். கால், சீட்டுக்கு அடியில் இருக்கும் சப் ஃபிரேமுக்கு இறங்குகிறதா, முக்கோணம் இருக்கிறதா, அகன்று பிடித்திருக்கிறதா? இவை இருந்தால் வாங்குங்கள், உலோகம் எதுவானாலும் சரி.

மாட்டும்போது ஒரு தப்பு எல்லோரும் செய்கிறோம். கேரியரின் காதுக்கும், அதாவது போல்ட் ஏறுகிற ஓட்டைத் தகட்டுக்கும், ஃபிரேமுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். போல்ட்டை முறுக்கி முறுக்கி அதை இழுத்து ஒட்ட வைத்துவிடுவோம். அன்றிலிருந்து அந்த வெல்டிங் ஓய்வே இல்லாமல் இழுபட்டுக்கொண்டே இருக்கும், பெட்டி மாட்டுவதற்கு முன்னாலேயே. அந்த இடைவெளியில் சரியான தடிமனுக்கு ஸ்டீல் வாஷர் போட்டு நிரப்புங்கள். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, கேரியர் தானாக உட்கார்ந்த பிறகு முறுக்குங்கள். 8.8 தரத்து எம்8 போல்ட் இரும்பில் ஏறுகிறது என்றால் முறுக்கு சுமார் 25 நியூட்டன் மீட்டர், எம்6 என்றால் 10. வண்டிப் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். போல்ட்டுக்கு அடியில் ரப்பர் வைக்காதீர்கள். ரப்பர் நசுங்க நசுங்க முறுக்கு போய்விடும். ரப்பர் இருக்க வேண்டிய இடம் பெட்டிக்கும், அது உட்காருகிற பேஸ் பிளேட்டுக்கும் நடுவில். அங்கே ஆட்டம் இருந்தால் டியூபில் ஒரு துண்டு வெட்டி ஒட்டுங்கள், கடகட சத்தம் அன்றைக்கே நிற்கும்.

முறுக்கி முடித்ததும் நட்டு மேலிருந்து தகடு வரைக்கும் பெயின்ட் மார்க்கரில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நட்டு திரும்பினால் கோடு உடைந்து காட்டும், வண்டி கழுவும்போதே தெரிந்துவிடும். முதல் 500 கிலோமீட்டரில் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

விரிசலைப் பத்த வைக்கலாமா என்று கமென்ட்டில் கேட்பீர்கள். வைக்கலாம். ஆனால் விரிசல் மேலேயே வெல்டிங்கை ஓட்டினால் பழைய வெல்டிங்குக்கு அரை அங்குலம் தள்ளி மறுபடி விடும். விரிசலை முழுக்க அரைத்து எடுத்துவிட்டு, உள்ளே ஒரு சின்னக் குழாய் நுழைத்து, பத்த வைத்து, மூலையில் முக்கோணத் தகடு கொடுக்கச் சொல்லுங்கள். கேரியரைக் கழற்றிக் கொண்டுபோங்கள். வண்டியிலேயே வைத்துச் செய்தே ஆக வேண்டுமென்றால் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

பெட்டிக்குள் இடம் அடைக்கிற, எடை இல்லாத சாமான் போகட்டும். மழைக்கோட்டு, ஜாக்கெட், ஹெல்மெட், போர்வை. டூல்ஸ், தண்ணீர், செயின், பூட்டு எல்லாம் டேங்க் பேக்கிலோ பக்கப் பைகளின் அடியிலோ இருக்கட்டும். பின்னால் உயரத்தில் பாரம் ஏறினால் முன் சக்கரம் லேசாகும், வேகத்தில் ஹேண்டில் உதறும். பெட்டிகளில் 120 கிலோமீட்டர் வேகம்தான் எல்லை என்று ஒட்டியிருப்பதை ஸ்டிக்கர் என்று பிய்த்துப் போட்டுவிடாதீர்கள்.

தம்பி, இந்த வீடியோவைப் பார்த்ததும் பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். இந்த விரிசலோடு இன்னொரு நாள் ஓட்ட வேண்டாம், பின்னால் வருகிறவர் மேல் விழுந்தால் என்ன ஆகும். அடுத்து, கேரியரை ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்திப் பாருங்கள். தளர்த்தியதும் கேரியரின் காது ஃபிரேமை விட்டு விலகித் துள்ளுகிறதா? அதை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். விரிசல் போட்டோ போதும், எனக்கு அந்த இடைவெளியைப் பார்க்க வேண்டும்.