தண்ணிக்குள்ள போற கேமரா: எத்தனை வருஷம் வரும்?

எல்லாருக்கும் வணக்கம். கேமரா ரிப்பேர் பண்ற ஆளைக் கூப்ட்டு வச்சு எதப் பத்தி வேணா பேசுங்கன்னு சொல்லிட்டாங்க, அதனால கடைக்கு வர்றவங்க லீவு சீசன்ல ஓயாம கேக்கற ஒரு கேள்விய எடுத்துக்கறேன். "அந்தமான் போறோம், ஸ்நார்கலிங் பண்ணுவோம், கம்மி விலைல ஒரு வாட்டர்ப்ரூஃப் கேமரா சொல்லுங்க, எவ்ளோ நாள் வரும்?" இதான் கேள்வி. முதல் பாதிக்கு பதில் ஈசி, ரெண்டாவது பாதிதான் விஷயமே.

முதல்ல மார்க்கெட் எப்படி இருக்குன்னு சொல்லிடறேன். ஒரு காலத்துல எல்லா கம்பெனியும் இதுல இருந்தாங்க. கேனான் பவர்ஷாட் டி30 2014ல வந்துச்சு, அதுக்கப்புறம் அந்த வரிசைல புது மாடல் வரல. பானசோனிக் எஃப்டி7 2018, ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்பி140 2019, அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் புது மாடல் இல்ல. இப்ப புதுசா வாங்கணும்னா பெரிய ஆள் ஒலிம்பஸ் டஃப் வரிசை, இப்ப ஓஎம் சிஸ்டம்ங்கற பேர்ல டிஜி7னு வருது, நல்ல கேமரா, ஆனா 2023ல வந்தப்பவே 550 டாலர், அத பட்ஜெட்னு சொல்ல எனக்கு வாய் வராது. அதுக்குக் கீழ பென்டாக்ஸ் டபிள்யூஜி90 இருக்கு, கோடக் பிக்ஸ்ப்ரோ டபிள்யூபிஇசட்2 இருக்கு. அதுக்கும் கீழ பேரே தெரியாத பிராண்டுல, முன்னாடி ஒரு ஸ்க்ரீன் பின்னாடி ஒரு ஸ்க்ரீன், 48 மெகாபிக்சல்னு அட்டைல போட்டு ஆன்லைன்ல விக்கறது. அந்த 48ல பெரும்பாலும் சாஃப்ட்வேர்ல ஊதி பெருசாக்கினதுதான், உள்ள இருக்கற சென்சார் குட்டியூண்டு, ஃபோகஸ் மாத்தவே முடியாத லென்ஸ். குழந்தை கைல குடுத்து நீச்சல் குளத்துல விளையாட விடலாம், அதுக்கு மேல எதுவும் எதிர்பாக்காதீங்க.

சரி, எத்தனை வருஷம் வரும்? அட்டைல 15 மீட்டர் போட்டிருக்கு 20 மீட்டர் போட்டிருக்குன்னு எல்லாரும் அந்த நம்பரத்தான் பாக்கறாங்க. அது புது கேமராவ லேப்ல, அசையாத நல்ல தண்ணில, சொன்ன நேரத்துக்கு மட்டும் வச்சுப் பாத்த நம்பர். டபிள்யூஜி90ல 14 மீட்டர்னா ரெண்டு மணி நேரம்னு அவங்களே சொல்லிடறாங்க. தண்ணிய எவ்ளோ தாங்கும்னு சொல்ற ஐபிஎக்ஸ்8னு ஒரு ரேட்டிங் இருக்கே, அதுல ஆழமும் நேரமும் கம்பெனியே முடிவு பண்ணி அறிவிக்கறது, ஐபிஎக்ஸ்7 மட்டும்தான் 1 மீட்டர் 30 நிமிஷம்னு கறாரா இருக்கு.

நிஜத்துல தண்ணிய வெளிய நிறுத்தறது யாரு? பேட்டரி கதவத் திறந்தா ஓரத்துல சுத்தி ஒரு ரப்பர் போகும் பாருங்க, அதான். அது மாதிரி சார்ஜர் குத்தற கதவுல ஒண்ணு, ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலயும் ஒண்ணு. வீட்ல குக்கர் கேஸ்கட் என்ன பண்ணுதோ அதேதான், அதுவும் நாள்பட்டா இறுகிப் போயி சைடுல ஆவி விடுமே. ஒலிம்பஸ் மேனுவல்லயே இந்த ரப்பர வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ்ல குடுத்து மாத்தறது நல்லதுன்னு போட்டிருக்கு, மத்த கம்பெனிகளும் அதேதான் சொல்றாங்க. யார் படிக்கறா. சரி, படிச்சாலும் மலிவான கேமராவுக்கு வருஷா வருஷம் காசு குடுத்து சீல் மாத்தி பிரஷர் டெஸ்ட் பண்ணினா ரெண்டு வருஷத்துல கேமரா விலையே வந்துடும், அதுவும் நிறுத்திட்ட மாடல்னா பார்ட்டே கிடைக்காது. பட்ஜெட் கேமராவோட ஆயுசு இங்கதான் முடியுது. லென்ஸ் நல்லா இருக்கும், சென்சார் நல்லா இருக்கும், ரப்பர் மட்டும் போயிருக்கும்.

தண்ணிக்குள்ள படம் எடுக்கன்னே வந்த பழைய நிக்கோனாஸ் ஃபிலிம் கேமரா இதுக்கு நேர் எதிர். கடலுக்குள்ள படம் எடுத்துப் பேர் வாங்கின பிரெஞ்சுக்காரர் கூஸ்டோவுக்காக ழான் டி வூட்டர்ஸ்னு ஒரு பெல்ஜியம் இன்ஜினியர் பண்ணின டிசைன், அத நிக்கான் வாங்கி 1963ல வெளியிட்டாங்க, 2001 வரைக்கும் ஓடிச்சு. அதுல தண்ணிய நிறுத்தற வளையம் மாதிரி ரப்பர், ஓ-ரிங்னு சொல்வாங்க, அதுல முக்கியமானத நாமளே கழட்டி சிலிக்கான் கிரீஸ் தடவி திருப்பி மாட்டலாம், அதனாலதான் 80கள்ல வாங்கினத இன்னிக்கும் தண்ணிக்குள்ள கொண்டு போறவங்க இருக்காங்க. இப்ப வர்ற காம்பாக்ட்ல அந்த வசதி இல்ல, மேனுவல் சொல்லாம நீங்களா கிரீஸ் எல்லாம் தடவிடாதீங்க.

என் மேஜைக்கு வர்றத வச்சு என் கணக்கு என்னன்னா, குளம், அருவி, மழைன்னு வருஷத்துக்கு சில தடவை மட்டும்னா மூணு நாலு வருஷம் தாராளமா வரும். கடல்னா ரெண்டு சீசன். அதுக்கப்புறமும் கேமரா வேலை செய்யும், தூக்கிப் போட வேணாம், மழைல நனையலாம்ங்கற அளவுக்கு மட்டும் நம்பி வச்சுக்கோங்க.

இந்த ரெண்டு சீசன் கூட வராம பாதில செத்துப் போறது நெறைய வருது, அதுல முக்காவாசி ஆழத்துக்குப் போய் செத்தது இல்ல, கரைல ஏறினப்புறம் செத்தது. படகுல ஏறின உடனே ஈரக் கையோட பேட்டரி கதவத் திறந்து கார்ட எடுப்பாங்க, காத்துல பறக்கற மணல்ல ஒரே ஒரு துகள் இல்லன்னா ஒரு தலைமுடி அந்த ரப்பர் மேல உக்காந்துடும், அடுத்த முங்கல்ல அந்த முடி வழியா தண்ணி உள்ள போகும். பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தா ரப்பர்ல முடி படுத்திருந்த எடத்துல கோடு மாதிரி தடம் தெரியும், அதுக்கு நேர் உள்ள பேட்டரி தொடற பித்தளைல பச்சைக் களிம்பு. இன்னொண்ணு உப்பு. கடல் தண்ணி காஞ்சா பட்டன் சந்துல வெள்ளையா படிகமா நிக்கும், அப்புறம் ஒவ்வொரு தடவை பட்டன அமுக்கும்போதும் அது ரப்பர அரம் போட்டு ராவற வேலைய பாக்கும். நிக்கான், பானசோனிக் மேனுவல்ல எல்லாம் கடல்ல இருந்து வந்த 60 நிமிஷத்துக்குள்ள நல்ல தண்ணில ஊற வைக்கச் சொல்றாங்க, ஒரு 10 நிமிஷம் போதும். கதவு மூடியேதான் இருக்கணும். ரூமுக்குப் போய் பாத்துக்கலாம்னு பைல போட்டா அவ்ளோதான், காஞ்சுடும். குழாய நேரா வேகமா அடிக்காதீங்க, பக்கெட்ல போட்டு அலசுங்க, பட்டன்கள தண்ணிக்குள்ளயே அமுக்கி விடுங்க.

வெயில்ல மணல் மேல வச்சு கொதிக்கற கேமராவ டபக்குனு கடல்ல போடறதும் கெடுதல், உள்ள இருக்கற காத்து குளிர்ந்து சுருங்கும்போது வெளிய இருக்கறத உறிஞ்சப் பாக்கும். லென்ஸ் உள்பக்கம் மூட்டம் போடறதும் இதுலதான்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமான்னு கேப்பாங்க. தண்ணிக்குள்ள கொண்டு போறதுக்குன்னா வேணாம். அது எத்தனை தடவை கீழ விழுந்துச்சுன்னு விக்கறவரு சொல்ல மாட்டாரு. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா அட்டைல ரெண்டு மீட்டர் உயரத்துல இருந்து போட்டாலும் ஒடையாதுன்னு இருக்கும், மேனுவல் உள்ள பாத்தா அடிபட்டா வாட்டர்ப்ரூஃபுக்கு கேரண்டி இல்லன்னு இருக்கும், ரெண்டுமே ஒரே கம்பெனி எழுதினதுதான். ஏற்கனவே கைல ஒண்ணு இருந்தா பேட்டரி, கார்டு ரெண்டையும் எடுத்துட்டு காஞ்ச டிஷ்யூ பேப்பர மடிச்சு உள்ள வச்சு மூடி பக்கெட்ல அரை மணி நேரம் போடுங்க. முதல்ல நாலஞ்சு குமிழி வர்றது இடுக்குல இருந்த காத்து, அது பரவால்ல. ஒரே எடத்துல இருந்து நூல் புடிச்ச மாதிரி விடாம வந்தாலும், பேப்பர் ஈரமானாலும் அத தண்ணிக்கு அனுப்பாதீங்க. பக்கெட்ல பாஸானா பத்து மீட்டர்லயும் பாஸ்னு அர்த்தம் இல்ல, அதையும் சொல்லிடறேன், பத்து மீட்டர்ல அழுத்தம் கரைல இருக்கறதப் போல ரெண்டு மடங்கு.

தண்ணி போயிடுச்சுன்னா உடனே ஆஃப் பண்ணி பேட்டரிய எடுங்க, வேலை செய்யுதான்னு ஆன் பண்ணிப் பாக்கவே பாக்காதீங்க, போர்டு எரியறது அதுலதான். அரிசி டப்பால போட்டா தண்ணி காயலாம், உப்பு எங்க போகும்? அன்னிக்கே சர்வீஸுக்கு கொண்டு வாங்க.

ஃபோனே வாட்டர்ப்ரூஃப்தானேன்னு கேக்கறவங்களுக்கு, ஐபி68 ஃபோன டெஸ்ட் பண்றது நல்ல தண்ணில, கடலுக்கு கொண்டு போகாதீங்கன்னு சாம்சங்கே சொல்லுது, தண்ணிக்குள்ள டச்சும் எடுக்காது. வாழ்க்கைல ஒரே ஒரு ட்ரிப்புதான்னா கேமரா வாங்கவே வேணாம், ஃபியூஜியோட யூஸ் அண்ட் த்ரோ ஃபிலிம் கேமரா ஒண்ணு இருக்கு, 27 படம், 10 மீட்டர் வரைக்கும் போகும், கழுவித் தர்ற லேப் உங்க ஊர்ல இருக்கான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்கோங்க. நன்றி, வணக்கம்.