பதின்மூன்று பங்கு

நேயர்களுக்கு வணக்கம்.

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்தே காலம் தள்ளிய ஒருவனை ஜாஸ் இசையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்க்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பது ஒரு காரணம். நான் சொல்லப்போகும் இசைக்குழு தன்னை ஒரு கூட்டுறவுச் சங்கத்தைப் போலவே நடத்திக்கொண்டது என்பது இன்னொரு காரணம். அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்டு, 1925 முதல் 1933 வரை ஊர் ஊராகச் சென்று நடன அரங்குகளில் வாசித்த ‘புளூ டெவில்ஸ்’ என்ற கறுப்பினக் கலைஞர்களின் குழு அது. அந்தக் குழுவின் பெயரில் வெளிவந்தவை ஒரே இசைத்தட்டின் இரண்டு பக்கங்கள்தாம்; 1929 நவம்பரில் கான்சஸ் சிட்டியில் பதிவானவை. இரண்டையும் சேர்த்துக் கேட்டு முடிப்பதற்குள் கையிலிருக்கும் தேநீர் ஆறிவிடாது. எட்டு ஆண்டு உழைப்பில் மற்ற அனைத்தும் சாலையிலும் அரங்குகளிலுமே கரைந்துபோயிற்று. ஆகவே அந்தச் சாலையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

மிசூரி, கான்சஸ், ஓக்லஹோமா, டெக்சஸ் என்று விரிந்து கிடந்த சமவெளியில், சிறு நகரங்களில்கூட நடன அரங்குகள் இருந்தன. அங்கே ஆட வருகிறவர்களுக்கு வாசிக்க ஆள் வேண்டியிருந்தது. அந்தத் தேவையை நம்பிப் பிழைத்த குழுக்களுக்கு ‘டெரிட்டரி பேண்ட்’ என்று பெயர். ஒரு நகரத்தில் தங்கி, அங்கிருந்து ஓர் இரவுப் பயணத்தில் எட்டக்கூடிய ஊர்களையெல்லாம் தன் எல்லையாக வைத்துக்கொள்வது அவற்றின் வழக்கம். கான்சஸ் சிட்டி பென்னி மோட்டனின் குழுவுக்கு உரியது. சான் அன்டோனியோ டிராய் ஃபிளாய்டுக்கு உரியது. டல்லஸ் நகரத்தின் அடால்ஃபஸ் ஓட்டலில் வாசித்து, அங்கிருந்தே வானொலியிலும் ஒலித்த அல்ஃபோன்சோ டிரென்ட்டின் குழுவுக்குத் தனி மவுசு. குறுநில மன்னர்களைப் போல ஒருவர் எல்லையில் மற்றவர் நுழைவதும், ஒரே அரங்கில் இரண்டு குழுக்களை ஏற்றி யார் பெரியவர் என்று கூட்டத்தையே தீர்ப்புச் சொல்ல வைப்பதும் அடிக்கடி நடந்தன. ஓக்லஹோமா சிட்டி வழியாகச் செல்லும் புகழ்பெற்ற 66ஆம் எண் நெடுஞ்சாலைக்கு 1926இல்தான் எண் கொடுத்தார்கள். அது முழு நீளத்துக்கும் தளம் போட்ட சாலையானது 1938இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பக்கம் காரில் போனவர்களுக்கு மழை என்பது சேறு, வெயில் என்பது புழுதி.

வால்டர் பேஜ் என்ற பெரிய உடல்வாகுள்ள மனிதர், பில்லி கிங் என்பவர் நடத்திய பயணக் கலைநிகழ்ச்சிக் குழு கலைந்துபோனபோது, அதில் வாசித்துக்கொண்டிருந்தவர்களைத் திரட்டி புளூ டெவில்ஸை நிறுத்தினார். அடிச்சுரம் ஒலிக்கும் பெரிய ஊதுகருவியான டியூபா ஊதுவார். டபுள் பேஸ் என்ற ஆளுயர நரம்புக் கருவியும் வாசிப்பார். பாரிட்டோன் சாக்ஸஃபோனையும் விட்டுவைத்தவர் இல்லை. தலைவர் அவர்தான் என்றாலும் முதலாளி அவர் இல்லை. அரங்கிலிருந்து கிடைக்கும் பணத்தில் பெட்ரோல் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் கழித்துவிட்டு, மீதியை எல்லாரும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். எந்த ஊருக்குப் போவது, எந்த வாய்ப்பை ஏற்பது என்பதையெல்லாம் கைதூக்கி வாக்கெடுத்துத் தீர்மானித்தார்கள். இதைக் ‘காமன்வெல்த்’ முறை என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். பாடகர் ஜிம்மி ரஷிங்குக்கும் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஊதுபவருக்கும் ஒரே பங்கு என்ற அந்த ஏற்பாட்டைப் படித்தபோது, முப்பது ஆண்டுகள் சங்கக் கணக்குகளைப் புரட்டிய எனக்கு முதலில் மரியாதையும் உடனே ஒரு கவலையும் வந்தன. கவலையின் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

1927இல், டல்சா நகரத்தில், பில் பேஸி என்ற இருபத்துமூன்று வயதுப் பியானோக்காரர் ஓட்டல் அறையில் முந்தைய இரவின் மயக்கம் தெளியாமல் படுத்திருந்தார். நியூ ஜெர்சியில் பிறந்து நியூயார்க்கில் பழகியவர். பாட்டு, ஆட்டம், நகைச்சுவை எல்லாம் கலந்த மேடை நிகழ்ச்சி நடத்தும் ஒரு வாடவில் குழுவுடன் ஊர் சுற்ற வந்திருந்தார். கறுப்பின மக்கள் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியை வெள்ளையர் கும்பல் எரித்துச் சாம்பலாக்கி ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த நகரம் அது; மக்கள் அதை மீண்டும் கட்டி எழுப்பியிருந்தார்கள். ஜன்னல் வழியாக டிரம்பெட் ஒலி வந்தது. யாரோ புகழ்பெற்ற டிரம்பெட் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டைப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனவர், தெருவில் ஒரு லாரியின் முதுகில் குழு ஒன்று நின்று வாசிப்பதைக் கண்டார். இன்றிரவு நடனம் உண்டு, வாருங்கள் என்று ஊரைக் கூட்டுவதற்காகப் பகலிலேயே லாரியேறித் தெருத்தெருவாக வாசிப்பது புளூ டெவில்ஸின் வேலைகளில் ஒன்று. டிரம்பெட் ஊதியவர் ஹாட் லிப்ஸ் பேஜ். மறு ஆண்டே பேஸி அந்தக் குழுவில் சேர்ந்தார். பிற்காலத்தில் உலகம் கவுண்ட் பேஸி என்று அறிந்தவர், விளம்பரத்துக்காக ஓசியில் வாசித்த ஒரு பகல் நேர வாசிப்பில் மனதைப் பறிகொடுத்தவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பகலில் லாரி, இரவில் அரங்கு, அதற்குப் பிறகு கார். அன்றைய நடனக் குழுக்களின் பெரிய டிரம்முக்குள் ஒரு மின்விளக்கைப் பொருத்தியிருப்பார்கள். டிரம்மின் முகத்தில் தீட்டிய படம் ஒளிர்வதைப் பார்த்து அதை அலங்காரம் என்றே ஆடுகிறவர்கள் நினைத்திருப்பார்கள். உண்மையில், ஈரக்காற்றில் தொய்ந்துபோகும் தோலை அந்த விளக்கின் சூடு விறைப்பாக வைத்திருந்தது. பயணம் செய்கிற வாத்தியத்துக்கு இந்த மாதிரிச் சின்னச் சின்ன வைத்தியங்கள் வேண்டியிருந்தன.

இசையின் வடிவத்தையும் இந்த வாழ்க்கையே தீர்மானித்தது என்பது என் துணிபு. நடன அரங்கில் ஆடுகிறவர்கள் மூன்று நிமிடத்தில் நிறுத்த விடமாட்டார்கள். ஒரு உருப்படி சூடு பிடித்துவிட்டால் பதினைந்து நிமிடமானாலும் ஓட்டியே ஆக வேண்டும். எழுதி வைத்த தாளில் அவ்வளவு நீளத்துக்குச் சரக்கு இருக்காது. ஆகவே சாக்ஸஃபோன்காரர் ஒருவர் சின்னத் துணுக்கு ஒன்றைத் தொடங்குவார். பக்கத்திலிருப்பவர்கள் அதைக் காதில் வாங்கி மறுமுறை சேர்ந்துகொள்வார்கள். டிரம்பெட்டும் டிராம்போனும் அதற்குப் பதில் சொல்லும். அதன்மேல் ஒருவர் எழுந்து தனியாக வாசிப்பார். அந்தத் துணுக்குக்கு ‘ரிஃப்’ என்றும், தாளில்லாமல் தலைக்குள்ளேயே அமைத்துக்கொள்ளும் இந்த முறைக்கு ‘ஹெட் அரேஞ்ச்மென்ட்’ என்றும் பெயர். பல இரவுகள் வாசித்துப் பழகியதும் அது எழுதி வைத்ததைவிட உறுதியாக நின்றுவிடும். இந்தக் கலையில் ஆல்டோ சாக்ஸஃபோன் வாசித்த பஸ்டர் ஸ்மித் பெரிய ஆள். கவுண்ட் பேஸி 1937இல் பதிவு செய்து புகழ்பெற்ற ‘ஒன் ஓ’கிளாக் ஜம்ப்’ உருப்படியில் ஸ்மித்தின் கை உண்டு என்று கூட இருந்தவர்கள் சொல்வார்கள். இசைத்தட்டின் மேல் அச்சாகியிருப்பது பேஸியின் பெயர்.

இதற்கெல்லாம் அடியில் வால்டர் பேஜின் பேஸ். டியூபா ஊதுகிறவருக்கு மூச்சு வாங்க இடம் வேண்டும். அதனால் பெரும்பாலும் தாளத்தின் இரண்டு அடிகளில்தான் அது ஒலிக்கும். நரம்புக் கருவிக்கு மூச்சுத் தேவையில்லை. பேஜ் நான்கு அடிகளிலும் சுரம் சுரமாக ஏறி இறங்கி நடந்தார். அந்த நடையின் மேல்தான் ஆடுகிறவர்களின் கால்களும் ஓடின. 1929இல் பதிவான அந்த இரண்டு பக்கங்களிலேயே இதை ஓரளவு கேட்கலாம்.

தங்குவதும் சாப்பிடுவதும் பெரிய பிரச்சினைகள். 1907இல் மாநிலமானதும் ஓக்லஹோமாவின் சட்டமன்றம் எடுத்துக்கொண்ட முதல் வேலைகளில் ஒன்று, ரயில் பெட்டிகளில் கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் பிரித்து உட்கார வைக்கும் சட்டம். வெள்ளையர்கள் மட்டுமே ஆடும் அரங்கில் நள்ளிரவு தாண்டும்வரை வாசித்துவிட்டு, அதே தெருவில் இருக்கும் சாப்பாட்டுக் கடையில் உட்கார முடியாமல் வெளியேறுவது அந்தக் கலைஞர்களின் அன்றாடம். ஓட்டல்கள் இடம் தராத ஊர்களில் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் இரண்டிரண்டு பேராகத் தங்கினார்கள். வீடு கிடைக்காத இடத்தில் காரே படுக்கை. எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று தொகுத்துச் சொன்ன ‘கிரீன் புக்’ கையேட்டை நியூயார்க் தபால்காரர் விக்டர் கிரீன் வெளியிடத் தொடங்கியதே 1936இல்தான். பணமும் செல்வாக்கும் உள்ள இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டன், 1930களில் தெற்கு மாநிலங்களுக்குப் போனபோது புல்மன் படுக்கைப் பெட்டிகளைத் தனியாக வாடகைக்கு எடுத்து, ரயில் நிலையத்தில் நிறுத்திக்கொண்டு, அதிலேயே தன் குழுவினரைத் தங்க வைத்தார். புளூ டெவில்ஸ் போன்றவர்களுக்கு அந்த வசதியைக் கனவு காணக்கூட வழியில்லை.

1929 வாக்கில் பென்னி மோட்டன் தன் பணபலத்தால் குழுவின் நல்ல ஆட்களை ஒவ்வொருவராக இழுக்கத் தொடங்கினார். பேஸி போனார், எடி டர்ஹாம் போனார், ரஷிங் போனார். சில ஆண்டுகளில் வால்டர் பேஜே போய்விட்டார். போனவர்கள் சுகப்பட்டார்களா என்றால் அதுவும் இல்லை. பொருளாதார மந்தத்தின் நடுவே, 1932இல் மோட்டனின் குழு கிழக்கே போய்ப் பிலடெல்பியாவில் கையில் காசில்லாமல் மாட்டிக்கொண்டது. அவர்கள் வந்த பஸ்ஸும் கடனுக்குப் போயிற்று. டிசம்பர் 13 அன்று நியூ ஜெர்சியின் கேம்டன் நகரத்தில் இசைத்தட்டுப் பதிவு இருந்தது. அன்று யாரோ முயல் பிடித்து வந்து, பில்லியர்ட்ஸ் ஆடும் கூடம் ஒன்றில் பெரிய பாத்திரத்தில் குழம்பு காய்ச்சிப் போட்டதாகவும், அதைச் சுற்றி நின்று ரொட்டியைத் தோய்த்துத் தின்றுவிட்டுப் பதிவுக்குப் போனதாகவும் சாக்ஸஃபோன் வாசித்த எடி பேர்ஃபீல்டு பின்னாளில் நினைவுகூர்ந்தார். அன்று பத்துப் பாடல்கள் பதிவாயின; அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஜாஸ் பதிவுகளில் சில அவற்றில் உள்ளன.

புளூ டெவில்ஸில் மிஞ்சியவர்கள் பஸ்டர் ஸ்மித்தைச் சுற்றி ஒன்றுகூடினார்கள். லெஸ்டர் யங் என்ற இளம் டெனார் சாக்ஸஃபோன்காரரும் 1932இல் சேர்ந்திருந்தார். தலை எண்ணினால் பதின்மூன்று பேர். சின்சினாட்டியின் டபிள்யூ.எல்.டபிள்யூ. வானொலியில் அப்போது வாசித்துக்கொண்டிருந்த பியானோ கலைஞர் ஃபாட்ஸ் வாலர் இவர்களைக் கேட்டுவிட்டு, தன்னோடு நிலையான வேலைக்கு அழைத்தார் என்று ஸ்மித் சொன்னார். ஊர் ஊராக அலையத் தேவையில்லாத வேலை. நாடெங்கும் கேட்கும் சக்திவாய்ந்த நிலையம். வழக்கம்போல வாக்கெடுப்பு நடந்தது. சொன்ன பணம் போதாது, கூடுதலாகக் கேட்போம் என்ற கட்சி வென்றது, வேலை கைநழுவியது. எதை எடுத்தாலும் ஏழு பேர் ஒரு பக்கம், ஆறு பேர் மறுபக்கம் என்று ஆகிவிட்டது என்றும், காமன்வெல்த் முறைதான் தங்களை உடைத்தது என்றும் ஸ்மித் வருந்தினார்.

1933இல் மேற்கு வர்ஜீனியாவின் புளூஃபீல்டு என்ற மலைநகரம் அவர்களின் கடைசி ஊர். உறுதியான தொகைக்குப் பதிலாக வசூலில் பங்கு என்று ஒப்புக்கொண்டு வாசித்தார்கள், கூட்டம் வரவில்லை. அவர்களைக் கொண்டுவந்த டாக்சிக்காரர்களுக்குப் பாக்கி ஏறிக்கொண்டே போனது. விஷயம் சட்டத்திடம் போய், வாத்தியங்கள் ஜப்தியாயின. ஆனால் வாத்தியம் இல்லாமல் வாசிக்க முடியாது, வாசிக்காமல் கடன் தீராது. ஆகவே ஒவ்வொரு நாள் மாலையும் வாத்தியங்களைக் கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள். கடைசி உருப்படி முடிந்ததும் எண்ணி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மூடிய பெட்டியைத் திறந்து, தன்னுடையதாக இருந்த சாக்ஸஃபோனை இரவல் வாங்குவதுபோல் எடுத்து, நான்கு மணி நேரம் மற்றவர்களை ஆட வைத்துவிட்டு, துடைத்துத் திருப்பிக் கொடுப்பது எப்படியிருந்திருக்கும்? தங்கியிருந்த இடத்தையும் இழந்தபின், சரக்கு ரயில்களில் திருட்டுத்தனமாக ஏறி மேற்கே வந்தார்கள். சின்சினாட்டிக்கு வந்து சேர்ந்தபோது கையில் காசும் இல்லை, வாத்தியமும் இல்லை, உடம்பில் கந்தலும் அழுக்கும்தான் என்று லெஸ்டர் யங் சொல்லியிருக்கிறார்.

முன்பு சொன்ன கவலை இதுதான். எந்தச் சங்கமானாலும் ஆண்டு லாபத்தில் ஒரு பகுதியைக் காப்பு நிதியில் போட்டுவிட்டுத்தான் மீதியைப் பங்கு பிரிக்க முடியும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். ஒவ்வொரு இரவின் வரவையும் அந்தந்த இரவே பதின்மூன்றாகப் பிரித்துக்கொண்டவர்களிடம் கெட்ட வாரத்துக்கென்று பதினான்காவது பங்கு எதுவும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். ஸ்மித் வாக்கெடுப்பைக் குறை சொன்னார். தணிக்கைக்காரனின் புத்தி எனக்கு; அந்த இல்லாத பங்கைத்தான் நான் குறை சொல்வேன். ஆனால் முதலாளி நடத்திய குழுக்களும் அதே ஆண்டுகளில் அதே சாலையில் கவிழ்ந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்ம்ஸ்ட்ராங்குக்கே வழிகாட்டியான கிங் ஆலிவர், பழுதாகி நிற்கும் பஸ்களோடும், கார்னெட் ஊதவிடாமல் செய்த ஈறு நோயோடும் தெற்கு மாநிலங்களில் அலைந்து, கடைசியில் ஜார்ஜியாவின் சவன்னா நகரத்தில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்து 1938இல் இறந்தார்.

மோட்டன் 1935இல் தொண்டைச் சதை அறுவைச் சிகிச்சையின்போது காலமானார். அதன் பிறகு கான்சஸ் சிட்டியின் ரெனோ கிளப்பில் பேஸியும் பஸ்டர் ஸ்மித்தும் சேர்ந்து ஒரு குழுவை நடத்தினார்கள். வால்டர் பேஜும், ரஷிங்கும், லெஸ்டர் யங்கும் அங்கே வந்து சேர்ந்தார்கள். அந்தக் குழுவை 1936இல் காரின் வானொலியில் கேட்ட இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் என்பவர் அதைக் கிழக்கே கொண்டுபோக வழி செய்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1938 டிசம்பர் 23 அன்று, நியூயார்க்கின் கார்னகி மண்டப மேடையில் பேஸியும், பேஜும், ரஷிங்கும், லெஸ்டர் யங்கும் இருந்தார்கள். ஹாட் லிப்ஸ் பேஜும் விருந்தினராக வந்து வாசித்தார். இந்த ஐந்து பேரும் ஒரு காலத்தில் புளூ டெவில்ஸில் சமபங்கு வாங்கியவர்கள்.

பஸ்டர் ஸ்மித் அந்த மேடையில் இல்லை. 1936இல் குழு கிளம்பியபோது இந்தப் பயணம் தேறாது என்று கணக்குப் போட்டு, அவர் கான்சஸ் சிட்டியிலேயே தங்கிவிட்டார். புளூஃபீல்டைப் பார்த்து வந்தவர் வேறென்ன கணக்குப் போட்டிருப்பார்? மறு ஆண்டு அவர் அமைத்த குழுவில், அவருடைய வாசிப்பை அப்படியே பிடித்துக்கொள்ள முயன்றபடி பின்னாளில் ஜாஸின் பெரும் மேதையாகப் போற்றப்பட்ட சார்லி பார்க்கர் என்ற பதினேழு வயதுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஸ்மித் பிறகு டல்லஸுக்குத் திரும்பி, பெரும்பாலும் டெக்சஸைச் சுற்றியே வாசித்து, 1991 வரை வாழ்ந்தார்.

வணக்கம்.